பச்சை காட்டாத விளக்கு

ஒகிநோசாவா பேரூராட்சியின் நொதித்தல் தொழில் மேம்பாட்டுப் பிரிவு, குளிர்காலம் தொடங்கிய முதல் திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை விட்டது. அரிசி மதுவான சாக்கே வடிக்கும் பட்டறைக்குள் வருகிறவர்களிடம் "இன்னைக்கு நத்தோ சாப்பிட்டீங்களா?" என்று வாயால் கேட்பது இனி கூடாது. அது அறிவியலுக்கு ஒவ்வாதது. தனிநபரின் காலை உணவில் தலையிடுவதும் ஆகும் என்று அதில் கண்டிருந்தது.

குராமொச்சி தெய்ஜி அதை இரண்டு தடவை படித்தார். அவர் பட்டறைக்கு ஐந்து தலைமுறையாக அந்தக் கேள்விதான் காவல். அவித்த அரிசியில் கோஜி என்கிற பூஞ்சை பிடித்தால்தான் சாக்கே. நத்தோ என்கிற, எடுத்தால் நூல் நூலாக இழுக்கும் கொழகொழச் சோயாவில் இருக்கும் பாக்டீரியா அதற்குப் பரம எதிரி. தனக்கு ஆகாத காலத்தில் அது ஒரு வித்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். கொதிநீர் ஊற்றினாலும் அசையாது. சூடான அரிசி கிடைத்தால் மட்டும் உடனே எழுந்து, கோஜிக்கு இடம் விடாமல் எல்லாவற்றையும் பிசினாக்கிவிடும். அரசாங்க வேலைக்குப் போயிருந்தால் நன்றாக முன்னுக்கு வந்திருக்கும்.

கோஜி கெட்டால் அந்த வருஷத்துச் சாக்கே போச்சு. அதனால் தெய்ஜி அக்டோபர் முதல் மார்ச் வரை நத்தோவைத் தொடமாட்டார். ஊரே காலையில் சோற்றின்மேல் அதைக் கிளறிப் போட்டுக்கொள்ளும்போது, அவர் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அவருக்கோ நத்தோ என்றால் உயிர்.

மறுநாளே பிரிவுத் தலைவர் நெமொத்தோ வந்து இறங்கினார். பின்னால் உதவியாளர் ஓனுகி ஒரு பெட்டியைச் சுமந்து வந்தாள்.

"ஒவ்வொரு வித்துக்குள்ளயும் டிபிகோலினிக் அமிலம்னு ஒன்னு இருக்கு" என்றார் நெமொத்தோ. "அதுதான் அடையாளம். கையைத் துடைச்ச பஞ்சுல டெர்பியம் கரைசல் ஒரு சொட்டு. மேல புற ஊதா விளக்கு. அமிலம் இருந்தா பச்சையா ஒளிரும். இல்லன்னா இருட்டு. இருட்டா இருந்தா 'வித்து இல்லை'ன்னு கழுத்துல மாட்டிக்க அட்டை."

"ஆளுக்கு ரெண்டு பஞ்சு" என்றாள் ஓனுகி. "ஒன்னு சோதனைக்கு, இன்னொன்னு கோப்புக்கு."

தெய்ஜிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், விளக்கு சொல்லாது. நெமொத்தோ முன்மாதிரியாகத் தன் கையையே நீட்டினார். விளக்கின் கீழே பஞ்சு இருட்டாகவே இருந்தது.

"தலைவரே, உங்க டையில நத்தோ நூல் தொங்குதே."

"சுற்றறிக்கையில பத்தி நாலு பாருங்க, குராமொச்சி-சான். கண்ணால் கண்டதும் மூக்கால் முகர்ந்ததும் சான்றாகாது."

ஓனுகி தொண்டையைச் செருமினாள். "அமிலம் வித்துக்குள்ள பூட்டிக் கிடக்கு. கொதிநீருக்கும் மேல சூடு பண்ணி வித்தை உடைச்சாத்தான் வெளிய வரும். அதுக்கு வெப்பப் பெட்டி வேணும்."

"அது எங்க?"

"அடுத்த நிதியாண்டுல. ஏப்ரல்ல வந்துடும்."

"ஏப்ரல்ல நான் பட்டறையைக் கழுவிக் கவுத்திருப்பேனே."

"அதுவரைக்கும் உடைக்காமலே சோதிக்கிறதுன்னு கூட்டத்துல முடிவாயிருக்கு" என்றார் நெமொத்தோ.

"உடைக்கலன்னா எல்லாருக்கும் இருட்டுதானே வரும்?"

"ஆமா. இதுவரைக்கும் நூத்துக்கு நூறு வெற்றி."

டிசம்பருக்குள் ஊர் முழுக்க அட்டை. பொதுக் குளியலறையில் துணியை எல்லாம் கழற்றியவர்கள் அட்டையைக் கழற்றவில்லை. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை அட்டையோடு போனார். தெய்ஜி வாசலில் நின்று, "காலைச் சோறு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தார். மறைமுகமாக வினவியதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடைசியில் நத்தோ கடைக்காரரே தன் சரக்கைச் சோதனைக்குக் கொடுத்தார். அதுவும் இருட்டு. "வித்து இல்லாத நத்தோ" வாங்க வரிசை தெருமுனை வரை நின்றது.

ஜனவரியில் ஒரு காலை, தெய்ஜியின் மனைவி ஃபுமியே அந்த நத்தோவில் ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, இதுல வித்து இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"அரசாங்கம். முத்திரை குத்தியிருக்கு பாருங்க."

"நூல் இழுக்குதே."

"நூல் வேற, வித்து வேறன்னு கீழ போட்டிருக்கு. நீங்க என்ன பிரிவுத் தலைவரை விடப் பெரிய ஆளா?"

தெய்ஜிக்கு எல்லாம் தெரியும். விளக்கு ஏன் பச்சை காட்டவில்லை என்று அந்த ஊரில் அவருக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது. ஆனாலும் மூன்று மாதமாக ஊறுகாய் தின்ற நாக்கு. மூன்று கிண்ணம் சாப்பிட்டார். நேரே பட்டறை வாசலுக்குப் போய், அங்கே சோதனைக்கு நின்ற ஓனுகியிடம் தன் கையை நீட்டினார். இருட்டு. இத்தனை வருஷம் வீணாகப் பட்டினி கிடந்தோமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் கோஜி அறையைத் திறந்தபோது அரிசியெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. ஒரு பிடி எடுத்தார். விரலோடு நூலாக நீண்டது. தெய்ஜி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

விசாரணைக் குழு அன்று மாலையே கூடியது. அறைக்குள் போய்வந்த நான்கு பேரையும் சோதித்தார்கள்: தெய்ஜி, ஃபுமியே, மேற்பார்வையிட வந்த நெமொத்தோ, ஓனுகி. நான்கும் இருட்டு. நெமொத்தோ சொல்லச் சொல்ல ஓனுகி எழுதினாள். "எவரிடமும் வித்து இல்லை. ஆகவே கோஜி வித்தினால் கெடவில்லை. கோஜியைக் கெடுக்க வேறு காரணம் ஏதும் அறியப்படாததால், கோஜி கெடவில்லை."

"தலைவரே, நூல் நீளுதே" என்றாள் ஓனுகி.

"ஈரப்பதம்னு போடு."

தெய்ஜி வாயைத் திறந்தார். சொல்வதானால் மூன்று கிண்ணத்தையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு அறிக்கையில் தன் முத்திரையை வைத்தார். அந்த வருஷம் அவர் பட்டறையிலிருந்து ஒரு புட்டி சாக்கேகூட வெளியே போகவில்லை.

ஏப்ரல் முதல் தேதி வெப்பப் பெட்டி வந்தது. நான்கு பேரும் அதைச் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டார்கள். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு விசாரணையில எடுத்த பஞ்செல்லாம் கோப்புல பேர் எழுதிப் பத்திரமா இருக்கு" என்றாள் ஓனுகி. "சூடு பண்ணிச் சொட்டு விட்டா, யார் கையில இருந்துச்சுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

நெமொத்தோ டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஃபுமியே கணவனைப் பார்த்தாள். சொல்லிவிட்டு ஓனுகியும் தன் விரல்களைப் பார்த்தாள். விசாரணை நடந்த அன்று காலை அவள் வீட்டிலும் நத்தோதான்.

முதலில் தொண்டையைச் சரிசெய்துகொண்டவர் தெய்ஜி.

"சூடு பண்ணினா பஞ்செல்லாம் சேதமாயிடுமே."

"மிகச் சரியான கருத்து" என்றார் நெமொத்தோ. வெப்பப் பெட்டியை இயக்காமல் கிடங்கில் வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நான்கு கைகள் உயர்ந்தன, தெய்ஜியின் கை முதலில்.

"பஞ்சுங்களைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார் அவர், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"முடியாதுங்க. கோப்பு பத்து வருஷம் இருக்கணும்."

"அதுக்குள்ள தானா கெட்டுப் போயிடுமில்ல?"

"கெடாதுங்க" என்றாள் ஓனுகி. "அது வித்து ஆச்சே."