செம்புத் தகடும் வெடித்த கார்னேஷனும்

நக்தோங் ஆற்றங்கரையில் கார்னேஷன் வளர்க்கிறவர்கள் நாங்கள். ஆனால் இந்த ஏப்ரல் மாதம் யாரும் பூவைப் பார்க்கவில்லை. எல்லோரும் நீரோட்டம் பார்க்க வந்த பேக்கம் ஐயாவின் கையைத்தான் பார்த்தோம். அந்தக் கையில் இரண்டு செம்புக் கம்பிகள். பூமிக்கடியில் நீரோட்டம் இருந்தால் கம்பிகள் தாமாகவே ஒன்றையொன்று குறுக்கே வெட்டித் திரும்புமாம். அவர் நுழைந்த பசுமைக்குடிலில் எல்லாம் திரும்பின. வசதியான ஆளின் குடிலில் இன்னும் வேகமாகவே திரும்பின!

எங்களுக்கு வந்த துன்பம் இதுதான். கார்னேஷன் மொட்டைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் வெடித்து, இதழ்கள் ஒரு பக்கமாகப் பிதுங்கித் தொங்கின. பெற்றோர் தினமான மே எட்டாம் தேதி அப்பா அம்மா நெஞ்சில் குத்த நாடே பூ வாங்கும். எங்கள் ஒரு வருட உழைப்பு அந்த ஒரு வாரத்தில்தான் விலைபோகும். வெடித்த பூவை எந்தப் பிள்ளை தன் அப்பன் சட்டையில் குத்துவான்?

"அடியில ஓடுற நீர் நரம்புதான் உங்க பூவோட வயித்தைக் கிழிக்குது" என்றார் பேக்கம். அதைத் தடுக்கப் பாத்திக்குப் பாத்தி அவர் விற்கும் செம்புத் தகட்டைப் புதைக்க வேண்டும். தண்ணீரும் உரமும் 'சோன்' என்ற கெட்ட ஆவி ஊரில் இல்லாத நாள்களில், அதாவது பத்து நாளில் இரண்டே நாளில் மட்டுமே விட வேண்டும். வீடு மாறுவதற்கே அந்த நாளைப் பார்க்கிறவர்கள் நாங்கள். மாட்டோம் என்போமா? எட்டு நாள் செடியைக் காயப்போட்டோம், இரண்டு நாள் வெள்ளத்தில் நிறுத்தினோம். நானும் நாலு தகடு வாங்கியவன்தான், ஆகவே இந்தக் கிண்டலில் பாதி எனக்கு.

பூக்கள் முன்னைவிட அதிகமாக வெடித்தன. "நோய் வெளிய வருது, நல்ல அறிகுறி" என்றார் பேக்கம். இன்னும் தகடு வாங்கினோம்.

பக்தர்களில் முதல் ஆள் என் பக்கத்துக் குடில்காரர் குவாக் தோக்பே. இந்த மே மாதமும் பூ போனால் குடிலைப் பிரித்துப் போட்டுவிட்டு, பூசான் நகரத்தில் காவல்காரர் வேலைக்குப் போக வேண்டிய நிலை. அந்தப் பயம் அவரைப் பேக்கத்தின் காலடியில் தள்ளியது. அவர் மனைவி பியோ மல்சூன் மட்டும் அசையவில்லை.

"கடைக்கோடிப் பாத்தி என்னோடது. தகட்டோட அந்தப் பக்கம் வந்தீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!" என்று புருஷனிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த தகடு விற்கப் பேக்கம் வந்த அன்று குடில் வாசலில் ஊரே கூடியது. மல்சூன் கையில் ஒரு யுத் குச்சி, புத்தாண்டுக்கு வீசி விளையாடுவோமே, அதே குச்சி.

"ஐயா, நீங்க நிக்கிற இடத்துக்கு அடியில ஒரு குழாய் போகுது. வால்வு பின்னாடி கொட்டகையில. இந்தக் குச்சிய வீசுவேன். தட்டைப் பக்கம் மேல விழுந்தா திறப்பேன், வளைவுப் பக்கம் மேல விழுந்தா மூடுவேன். தண்ணி ஓடுதா இல்லையான்னு உங்க கம்பி சொல்லட்டும். பத்து தடவை."

பேக்கத்தின் முகம் சுருங்கியது. "இதெல்லாம் விளையாட்டுக் காரியமா, அம்மா?"

"ஐயாவுக்கு இது ஜுஜுபி! காட்டுங்க ஐயா!" என்று கத்தினார்கள் பக்தர்கள். மாட்டிவிட்டது அவர்கள்தான்.

ஊர்த்தலைவர் கொட்டகையில் மல்சூனுடன் நின்று எழுதினார். வாசலில் கம்பி சொன்னதை நான் எழுதினேன். இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தோம். பத்தில் நாலு சரி.

"எங்க நாயைக் கேட்டிருந்தா அஞ்சாச்சும் தேறியிருக்கும்" என்றார் மல்சூன்.

"நம்பாத பொம்பளையோட சக்தி கம்பியத் தடுக்குது!" என்று கத்தினார் பேக்கம்.

"பாறைக்கு அடியில ஓடுறதைப் பார்க்கிற கம்பி, ஒரு பொம்பளைக்குப் பயந்துடுச்சா?"

கூட்டம் சிரித்தது. மல்சூன் எல்லோரையும் உள்ளே அழைத்துப் போனார். தகடு புதைத்த பாத்திகளில் பாதிப் பூ வெடித்துக் கிடந்தது. அதே மண்ணில், தகடில்லாத கோடிப் பாத்தியில், கிண்ணம் கிழியாத பூக்கள் நிமிர்ந்து நின்றன. தோக்பே ஒவ்வொரு மொட்டாகத் தடவிப் பார்த்தார்.

"என்னடி செஞ்ச?"

"தினமும் மண்ணுல விரலை விட்டுப் பார்த்தேங்க. காஞ்சிருந்தா கொஞ்சம் தண்ணி. அதுலயே அளவா உரம், கால்சியம், துளியூண்டு போரான் சத்து. எட்டு நாள் பட்டினி போட்டு ஒரேயடியா ஊத்தினா மொட்டு வெடிக்காம என்ன செய்யும்?"

தோக்பே அழுதுவிட்டார். "எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேனே."

"சின்ன மொட்டெல்லாம் இன்னும் கெடலை. மூணு வாரம் இருக்கு. அழறதை அப்புறம் வெச்சுக்கங்க, முதல்ல தகட்டைப் பிடுங்குங்க."

அவர் வெறுங்கையால் மண்ணைத் தோண்டினார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பேக்கத்தின் வண்டி ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. தன் வண்டிக்கு மட்டும் அவர் நாள் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் பணிவாகக் கேட்டார்: "அது சரி தங்கச்சி, அந்த விரலை எந்த நாள்ல விடணும்? எந்தத் திசையப் பார்த்து?"

மல்சூன் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்காக நான் சொல்கிறேன். ஆற்றங்கரைப் பெருமக்களே, ஆவி ஊரில் இருக்கிறதா இல்லையா என்று கணக்குப் பார்க்கும் அந்தத் தலையை, ஒரு நாளாவது யோசிக்க விடுங்கள். அதற்கு எல்லா நாளும் நல்ல நாள்தான்.