இதே நாளில் மறைந்தவர் பேசுகிறேன்

"செத்துப் போனவ பேசுறேன். அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?"

அறிவிப்பாளர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மீண்டும் காதில் வைத்தார். ஒலிபரப்புக் கூடத்தில் அஞ்சலிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பாடியவரும் மறுமுனையில் பேசுபவரும் ஒருவரே என்பதை உணர ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

"அம்மா... நீங்க..."

"வெள்ளிமணிதான். போன வருஷம் இதே நாள்ல நான் காலமாயிட்டேனாமே? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே, தம்பி!"

'இதே நாளில்' என்பது அந்த வானொலி நிலையத்தின் காலை நிகழ்ச்சி. மெல்லிசை வரலாற்றில் அன்றைய தேதிக்குரிய செய்திகள் மூன்று: ஒரு பிறப்பு, ஒரு வெளியீடு, ஒரு மறைவு. ஆசிரியப்பாவின் ஈற்றயலடியில் ஒரு சீர் குறையலாம்; தம் நிகழ்ச்சியில் ஒரு செய்தியும் குறையலாகாது என்பது அறிவிப்பாளரின் கொள்கை. நிலையத்தார் அவருக்கு இட்ட பெயர் 'நாள்காட்டி'.

இன்றைக்கு ஒரு பிறப்பு கிடைத்தது. ஒரு மெல்லிசைக் குழுவின் முதல் இசைத்தட்டும் கிடைத்தது. இறப்பதற்குத்தான் ஆளில்லை. அந்த நெருக்கடியில் நேயர் ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, பாடகி வெள்ளிமணியின் முதலாம் நினைவு நாள் இதுவென்று விம்மி விம்மிச் சொன்னாள். வெள்ளிமணியின் பெயரை யாரும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. வானொலிக்காரர்களுக்குப் பாடாதவர் இல்லாதவரே. கூற்றுவன்கூட ஓலையைச் சரிபார்த்த பிறகே பாசக்கயிற்றை வீசுவான். நாள்காட்டி பார்க்காமலே வீசிவிட்டார்.

"மன்னிப்புக் கேட்டுருங்கண்ணே," என்றார் ஒலிப்பதிவாளர்.

"மன்னிப்பா? நிகழ்ச்சியோட மானம் என்னாகிறது? நீ பேசாம இரு. நான் பக்குவமா சரி பண்றேன்."

பாட்டு முடிந்தது. நாள்காட்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேயர்களே, சிறு திருத்தம். இன்று வெள்ளிமணி அவர்கள் மறைந்த நாள் அல்ல, பிறந்த நாள்."

ஒலிப்பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரத்தில் தொலைபேசி மீண்டும் அலறியது.

"ஏன் தம்பி, என் பொறந்த நாளுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு! இங்க வாசலை வந்து பாருங்க. மாலையோட வந்தவங்க அழுவுறாங்க, கேக்கோட வந்தவங்க கை தட்டுறாங்க. எது நெசம்னு தெருவுல ஒரே அடிதடி. என் மாப்பிள்ளைகிட்ட ஒருத்தர் துக்கம் விசாரிக்கிறார். பின்னாலேயே இன்னொருத்தர் மெழுகுவத்தி எங்க ஏத்தறதுன்னு கேக்கறார்!"

கூட்டத்தை அந்தத் தெருவிலிருந்து அகற்ற நாள்காட்டிக்கு ஒரே வழிதான் தோன்றியது. தோன்றியதும் ஒலிவாங்கியில் அறிவித்தும் விட்டார்: "வெள்ளிமணி அவர்கள் இன்று மாலை நம் நிலையத்தில் நேரடியாகப் பாடுகிறார். அனைவரும் திரண்டு வருக!"

"அண்ணே, அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"மொதல்ல கூட்டம் அங்கேர்ந்து கிளம்பட்டும். அப்புறம் கேட்டுக்கலாம்."

கூட்டம் கிளம்பியது, நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. நிலைய இயக்குநர் அம்மையார் காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு, நெரிசலில் நீந்தி, ஒற்றைச் செருப்போடு உள்ளே நுழைந்தார். நடந்ததை முழுதும் கேட்டார்.

"சாயங்காலம் அவங்க பாடலைன்னா 'இதே நாளில்' இதே நாளோட முடிஞ்சுது. அந்த நேரத்துக்குச் சமையல் குறிப்பு போட்டுக்கறேன்."

அந்த ஒலிவாங்கியின் முன் அமராத நாளைப் பிறவாத நாளாகவே கருதுபவர் நாள்காட்டி. ஓடினார்.

வெள்ளிமணியின் வீட்டுக் கதவை அவருடைய மாப்பிள்ளை திறந்தார். கூடத்து நாற்காலியில் மடிப்புக் கலையாத சேலையில் வெள்ளிமணி வீற்றிருந்தார்.

"அம்மா, என்னைக் காப்பாத்துங்க. ஒரே ஒரு பாட்டு!"

"நல்லா இருக்கே நியாயம்! உசுரோட இருக்கறவளைச் சாகடிச்சுட்டு, பாடவும் சொல்றியா?"

"தப்புத்தாம்மா. கால்ல வேணா விழறேன்."

"நீ விழுந்தா எனக்கென்ன வந்தது? ஒரு பாட்டுக்கெல்லாம் வர மாட்டேன். ஒரு மணி நேரம். பழைய பாட்டு கெடையாது. எல்லாம் நானே மெட்டுப் போட்டது."

"சரிம்மா, சரிம்மா. ஆனா வாத்தியக்காரங்களுக்கு இப்ப எங்க போவேன்?"

"உள்ளதான் உக்காந்திருக்காங்க."

உள்ளே கீபோர்டும் தபேலாவும் சுருதி சேர்ந்து காத்திருந்தன. வேண்டுமுன்னே வழங்கும் திருவருளை எண்ணி நாள்காட்டி நெஞ்சம் கசிந்தார்.

மாலையில் தெருவெங்கும் தலைகள். வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் முதல் அடி எழுந்தபோது குரல் சற்றுக் கம்மியது. இயக்குநர் திரும்பி நாள்காட்டியைப் பார்த்தார். நாள்காட்டி கூரையைப் பார்த்தார். இரண்டாம் அடியில் குரல் தன் பழைய வழியைக் கண்டுகொண்டது. மூன்றாம் அடியில் புதுவெள்ளம் கரையை மறந்தது போலப் பெருகியது. நெரிசலில் சிக்கிய பேருந்தின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். உள்ளே இருந்த ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. காலையில் அடித்துக்கொண்டவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாரா வாரம் இவங்க பாடணும். உன் நிகழ்ச்சிக்கு இனிமே அரை மணி நேரம் கூடுதல். போதுமாய்யா?"

நாள்காட்டி வாகை சூடிய வேந்தனைப் போல ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். "மெல்லிசை வரலாற்றில் இதே நாளில், வெள்ளிமணி மீண்டும் பாடினார்!" தெருவே ஆர்ப்பரித்தது.

வெளியே வந்தவர், தாழ்வாரத்தில் வெந்நீர்க் குடுவையோடு காத்திருந்த மாப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டார்.

"எல்லாம் போன்ல அழுத அந்த அம்மா புண்ணியம், சார். தப்பாச் சொன்னாலும் எவ்வளவு பெரிய நன்மை! யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய்க் கும்பிடுவேன்."

"உள்ள போய்க் கும்பிடுங்க, அது எங்க அத்தைதான்! 'உசுரோட இருக்கேன், பாட வரட்டுமா'ன்னு வருஷக்கணக்கா உங்க நிலையத்துக்குப் போன் பண்ணாங்க, ஒருத்தரும் காது குடுக்கலை. 'செத்துட்டேன்'னு ஒரே ஒரு தடவைதான் சார் சொன்னாங்க."