உங்க மாடுதானேய்யா

"இந்த மாடு உம்மடையோ எண்டு கேக்கிறார்" என்று துபாஷி வீரசிங்கம், மீசைக்கார வக்கீலின் இங்கிலீஷைத் தமிழில் சொன்னதுமே காளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோல சிலாங்கூர் கோர்ட்டில், நீதிபதி துரைக்கு முன்னால், கேட்கிற கேள்வியா இது?

தோட்டத்து ஆபீஸ் கிராணி தர்மலிங்கம் ஓட்டிப்போன தன் கறவை மாட்டைத் திரும்பக் கேட்டு அவள்தான் வழக்குப் போட்டிருந்தாள். அவள் கம்மலை விற்று டவுனில் வக்கீல் பிடித்தவன் புருஷன் செல்லன். இன்று அவன் காய்ச்சலோடு லயத்தில் கிடந்தான். "நம்ம வக்கீலு கேட்டா ஒண்ணையும் மறைக்காதே. அந்தாளு வக்கீலுக்கு மட்டும் பிடி குடுத்துடாதே" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"என் மாடு இல்லாம உன் மாடா?" என்றாள்.

மீசை துடித்தது.

"கண்டுக்குட்டியிலையிருந்து வளத்தது ஆர் எண்டு கேக்கிறார்."

"ஏன், வாங்கப் போறாராமா?"

மீசைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்து எழுந்தவருக்குச் சிரித்த முகம்.

"அம்மா, கனநேரம் நிக்கிறீங்கள், தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறார்."

காளியம்மாவுக்குக் கண் கலங்கியது. படித்தவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

"கிராணியார் வந்து, மாடு வடிவா இருக்கு எண்டு சொன்னவராமே. நீங்கள் மரியாதை தெரிஞ்சவ. என்ன சொன்னீங்கள்?"

மீசைக்காரர் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"நல்ல மனுசன் கேக்கறாரு, நான் சொல்றேன். நடுவுல இந்தாளு எதுக்குக் குதிக்கிறாரு? உட்காரச் சொல்லுங்க துரை."

துரை அவரை உட்காரச் சொன்னார்.

"'உங்க மாடுதானேய்யா, ஓட்டிட்டுப் போங்க'ன்னேன். வந்தவங்க ஒண்ணை நல்லாருக்குன்னா வேற என்னத்தைச் சொல்றது? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இவரு நெசமாவே ஓட்டிட்டுப் போயிட்டாரு."

சிரித்த முகக்காரர் தலை வணங்கி, இது போதும் என்றார். துரைக்கும் போதுமாக இருந்தது. மாடு கிராணிக்கு என்று தீர்ப்பானது.

வெளியே வந்த காளியம்மா கொதித்தாள். அந்த மீசைக்காரன் குறுக்கே குறுக்கே எழுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான். பாவம், நம்ம மனுசர் எவ்வளவு தன்மையாகக் கேட்டார். வக்கீலுக்கென்று கொண்டுவந்த வாத்து முட்டைக் கூடையை அவர் கையில் கொடுத்தாள். அவர் திகைத்துப்போய் என்னவோ சொன்னார்.

"கூடை வடிவா இருக்காம்" என்றார் வீரசிங்கம்.

"உங்க கூடைதானேய்யா, எடுத்துக்கங்க."

வீரசிங்கம் இதை மொழிபெயர்க்கவில்லை. "கூடையும் போச்சு, காளியம்மா. இவர் கிராணியாற்ற வக்கீல். நீர் இருத்தி வைச்ச மீசைக்காரர்தான் உம்மட வக்கீல்."