அடுப்படிக் கண்ணும் ஏர்போர்ட் கண்ணும்

உலகத்தில் எல்லோரும் இரண்டு கண்ணாலும் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணுக்குக் கண் தனித்தனி டியூட்டி போட்டுக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் நீடாமங்கலம் சோடாபுட்டி பாய்தான்.

வேன் டிரைவர். நானும் ஆபீஸ் நண்பர்களும் தினமும் அவர் வேனில்தான் தஞ்சாவூர் போய்வருவோம். கண்ணாடியைக் கழற்றினால் ஸ்டியரிங்கே தெரியாது என்று அவரே பெருமையாகச் சொல்லி எங்களைச் சீட்டுக் கம்பியைப் பிடிக்க வைப்பார். ஊரில் பாதிப் பேர் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பாய்க்கும் மச்சான் மூலமாகக் குவைத்தில் டிரைவர் வேலை வந்தது.

"இவ்வளவு கனமான கண்ணாடியோட போனா வண்டிச் சாவி தரமாட்டாங்க பாய். உங்க வயசுக்கு இதை விட்டா வேற விசாவும் வராது" என்றார் ஏஜென்ட். பாய் உடனே லேசர் சிகிச்சைக்குக் கிளம்பிவிட்டார். துணைக்கு நான்.

"நாப்பது தாண்டிட்டீங்க. ரெண்டு கண்ணையும் தூரத்துக்குச் சரிபண்ணிட்டா, கிட்டப் பார்க்கத் தனியா கண்ணாடி வேணும்" என்றார் டாக்டர்.

"சாப்பிடும்போதும் போடணுமாங்க?"

"அப்படி என்ன சாப்பிடுவீங்க?"

"கெண்டை மீனுங்க. முள்ளு பார்த்து எடுக்கணும்ல?"

டாக்டர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. கடைசியில் டாக்டரே ஒரு வழி சொன்னார். ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு, மூளை பழகிக்கொள்ளும். முதலில் கான்டாக்ட் லென்ஸ் மாட்டிவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். பிறகு வலது கண்ணை முழுசாகச் சரிசெய்து, இடது கண்ணில் கொஞ்சம் பவரை வேண்டுமென்றே மிச்சம் வைத்தார்கள். பாய் வலதுக்கு ஏர்போர்ட் கண் என்றும் இடதுக்கு அடுப்படிக் கண் என்றும் பெயர் வைத்தார். சோடாபுட்டி என்ற அவர் பெயர் மட்டும் போகவேயில்லை.

மூளை பழகுவதற்குள் ஊர் பட்ட பாடு! டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார். தூரத்தில் எதைப் பார்ப்பதானாலும் அடுப்படிக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் ரயில்வே கேட்டில் அப்படி மூடிச் சிக்னலைப் பார்க்க, எதிர் பஸ்ஸின் ஜன்னலோர அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துவிட்டார். பாய் இறங்கி ஓடினார்.

"உங்களைப் பார்க்கலைங்கம்மா, சிக்னலைப் பார்த்தேன். இப்படித்தான்" என்று மறுபடியும் கண்ணை மூடிக் காட்டினார். செருப்பு வந்து விழுந்தது.

ஆனால் பழகிவிட்டது. கண்ணாடியில்லாமல் வேனும் ஓட்டினார், முள்ளும் எடுத்தார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அப்போதுதான் ஏஜென்ட் குண்டைத் தூக்கிப் போட்டார். விசாவுக்கான மெடிக்கலில் ஒவ்வொரு கண்ணாக மூடி, தூரத்துப் போர்டைப் படிக்கச் சொல்வார்களாம். பாய் ஏர்போர்ட் கண்ணை மூடிப் பார்த்தார். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"பேசாம அந்தக் கண்ணையும் சரிபண்ணிடுங்க பாய். வேலை போயிடும்" என்றேன்.

"ஒழுங்கா வேலை பார்க்கிற கண்ணை எதுக்கு சார் டிரான்ஸ்பர் பண்ணச் சொல்றீங்க?"

லேசான கண்ணாடி என்றால் ஆட்சேபணை இல்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். பாய் தஞ்சாவூர் கண்ணாடிக் கடையில் இடது கண்ணுக்கு மட்டும் தூரப் பவர் போடச் சொன்னார். "வலப்பக்கம் பிளெயின் கண்ணாடி போட்டுடறேன்" என்றார் கடைக்காரர்.

"பவரே இல்லாத கண்ணாடியை நான் ஏன் தினமும் துடைக்கணும்? ஓட்டையாவே விடுங்க."

அந்த ஓட்டையோடு திருச்சிக்கு மெடிக்கல் போனோம். கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இடது கண் கடகடவென்று படித்துவிட்டது. வலது கண் முறை வந்தபோது உள்ளே தூசி விழுந்ததோ என்னவோ, பாய் ஃபிரேமுக்குள் விரலை விட்டுக் கண்ணைக் கசக்கினார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க இது? கண்ணாடி எங்க?"

"அந்தக் கண்ணுக்குத் தேவையில்லைங்க மேடம். தேவையில்லாததை மாட்டிக்கிட்டு வந்தா, ஏமாத்துறேன்னு நினைப்பீங்கள்ல?"

அந்த அம்மாள் ஃபிரேமை வாங்கி, ஓட்டைக்குள் தன் விரலையும் விட்டுப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடைசி வரிவரை படிக்க வைத்துப் பாஸ் போட்டார்.

பாய் என்னைக் கையைப் பிடித்து ஓட்டலுக்கு இழுத்துப்போய்ப் பிரியாணி வாங்கித் தந்தார். குவைத் ரோடுகள் எவ்வளவு நேராக இருக்குமாம் என்று பேசிக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இனி எங்கள் தஞ்சாவூர் வேனில் பாய் இருக்கமாட்டார் என்று நினைத்ததும், என் தட்டுப் பிரியாணியை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.