கூப்பிடாமல் வர வேண்டிய பிள்ளை

“நாளைக்குள்ள ரெண்டு பேர் சொந்த விருப்பத்துல என்கிட்ட வந்து மனசுவிட்டுப் பேசணும். புரிஞ்சுதா?”

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று, “புரிஞ்சுது மிஸ்” என்றது. கணக்கு டீச்சர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, கரும்பலகையில் முக்கோணம் வரையத் திரும்பினார்.

மறுநாள் மதிய இடைவேளையில் ஆலோசனை அறை வாசலில் இரண்டு பையன்கள் கட்டைபோல விறைத்து நின்றார்கள்.

“வாங்க, உக்காருங்க. என்ன கஷ்டம், சொல்லுங்க.”

“கஷ்டம் ஒண்ணும் இல்ல மிஸ்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“சொந்த விருப்பத்துல வந்தோம் மிஸ்” என்றான் ஒருவன். “வருகைப் பதிவுல எங்க பேருதான் முதல்ல இருக்கு. நாளைக்கு அடுத்த ரெண்டு பேருக்கு விருப்பம்.”

டீச்சருக்கு முதுகு எப்போதும் நேராக இருக்கும். பேச்சும் நேராக இருக்கும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஸ்கேல்’. அவருக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இப்போது அவர் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்களுக்கான தொடர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளி ஆலோசனை, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி என்று இரண்டு பாடம். எழுத்துத் தேர்வில் அவர்தான் முதல். மிச்சம் இருந்தது செய்முறை. கூப்பிடாமல் ஒரு பிள்ளை தானாக வர வேண்டும். ஒரு பீரியட் உட்கார்ந்து பேச வேண்டும். டீச்சர் அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. தலைமையாசிரியையை நச்சரித்து வாங்கிய ஆலோசனை அறையும் போய்விடும். அது விளையாட்டு வாத்தியாரின் பந்துகளுக்கு என்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது.

ஆனால் டீச்சர் இத்தனை பிடிவாதம் பிடித்தது சான்றிதழுக்காகவும் இல்லை, அறைக்காகவும் இல்லை. மற்ற டீச்சர்களை இடைவேளையில் பிள்ளைகள் மொய்த்துக்கொள்ளும். இவர் வந்தால் தாழ்வாரம் துடைத்துவிட்டாற்போலக் காலியாகும். இத்தனை வருஷத்தில் கூப்பிடாமல் ஒரு பிள்ளை அவரிடம் வந்ததில்லை. அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குள் ஒன்று, ஒரே ஒன்று வந்துவிட வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“மேடம், கட்டளை போட்டு சொந்த விருப்பத்த வரவழைக்க முடியாது” என்றாள் போனில் பயிற்சி நடத்தும் பெண். டீச்சரின் மகள் வயசுதான் இருக்கும்.

“சரிம்மா, வேற எப்படி வரவழைக்கிறது?”

“வரவழைக்கவே கூடாது மேடம். பயம் போனா அவங்களே வருவாங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்களேன்.”

“சிரிக்கணுமா? எவ்வளவு நேரம்?”



ஆசிரியர் அறைக் கண்ணாடி முன்னால் நின்று டீச்சர் சிரித்துப் பார்த்தார். விளையாட்டு வாத்தியார் பின்னால் வந்து நின்று, “என்ன டீச்சர், பல்வலியா? கிராம்புத் தைலம் என்கிட்ட இருக்கு” என்றார்.

“பல்வலி இல்ல சார். சிரிக்கிறேன்.”

“யாரைப் பாத்து?” என்று வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் அந்தச் சிரிப்பைக் கலையாமல் அப்படியே ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுபோனார். வாசலில் நின்று, இடமிருந்து வலமாக, ஒருவரையும் விடாமல் சிரித்தார். முன்வரிசைப் பையன் புத்தகத்தை மெதுவாக மூடிப் பைக்குள் வைத்தான். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துப் பெயர் எழுதினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.

“எதுக்குடா பேப்பர் எடுக்கறீங்க?”

“டெஸ்ட் இல்லையா மிஸ்?”

“இல்லையே. நான் சும்மா சிரிச்சேன்.”

பின்வரிசையில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். “டீச்சர், ஒரு அம்மா போன் பண்ணாங்க. ‘எம்பையன் அப்படி என்ன தப்பு பண்ணினான், மிஸ் அவனைப் பாத்துச் சிரிச்சாங்களாம், சாப்பிடவே மாட்டேங்கறான்’னு ஒரே அழுகை. சிரிப்பைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமா?”

“வைக்கலாம் மேடம்” என்றார் டீச்சர். “ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த அறை என்னோடது.”

சிரிப்பு இல்லையென்றால் என்ன, அறை இருக்கிறதே! ஓர் இடம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். உயர முதுகு வைத்த நாற்காலியை வெளியே தள்ளி, வீட்டிலிருந்து மெத்தைத் திண்டுகள் கொண்டுவந்து போட்டார். கண் கூசும் விளக்கை அணைத்து, சன்னலுக்கு நீலத் திரை தைத்து மாட்டினார். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வாசற்படி தடுக்கக் கூடாதென்று, விளையாட்டு வாத்தியாரின் நீளப் பலகையைக் கேட்காமலே எடுத்துச் சாய்த்து ஆணி அடித்தார்.

மறுநாள் முதல் ஆளாக ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் சக்கர நாற்காலியில் சர்ரென்று பலகை ஏறி வந்தாள். டீச்சர் திண்டிலிருந்து எழுந்தே விட்டார்.

“வாம்மா, உள்ள வா!”

“இல்ல மிஸ், பலகை எப்படி இருக்குன்னு பாத்தேன்.” சர்ரென்று இறங்கினாள். மறுபடி ஏறினாள். “ரொம்ப நல்லாருக்கு மிஸ். நூலக வாசல்லயும் ஒண்ணு போடச் சொல்லுங்க.” இறங்கினாள். போய்விட்டாள்.

நீலத் திரையும் மங்கல் வெளிச்சமுமாக இருந்த அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று மற்ற பிள்ளைகளுக்குள் விதவிதமாகக் கதை கிளம்பியது. மைதானத்திலிருந்து விளையாட்டு வாத்தியாரின் குரல் கேட்டது: “ஒழுங்கா ஓடறியா, இல்ல ஆலோசனை அறைக்கு அனுப்பட்டுமா?”

“ஓடறேன் சார்! ஓடறேன்!”

டீச்சர் நேராக மைதானத்துக்குப் போனார். “என்ன சார் இது? என் அறையைக் காட்டிப் பிள்ளைங்களைப் பயமுறுத்தறீங்க?”

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்க தொடர் ஓட்டக் குழு இவ்வளவு வேகமா ஓடி நான் பாத்ததே இல்ல. கோப்பை வந்தா உங்களுக்குத்தான் முதல் நன்றி.”

இனி ஒரே வழிதான். வருகிற பிள்ளையைத் தப்பவிடாமல் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும், மறுக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, ‘ம்ம்’ கொட்டித் தலையாட்ட வேண்டும். டீச்சர் அதைப் பழகிப் பார்க்க ஆள் தேடினார். வீட்டில் ஒருவர் இருந்தார்.

“ஹாலுக்கு ஒரு பல்பு வாங்கணும். இருட்டா இருக்கு” என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“இருட்டா இருக்குன்னு உங்களுக்குத் தோணுது.”

“தோணல. இருட்டாத்தான் இருக்கு.”

“இருட்டு உங்களை வருத்துது.”

“பல்பு வாங்கினா சரியாயிடும்.”

“ம்ம்” என்று டீச்சர் தலையாட்டினார். “மேல சொல்லுங்க.”

கணவர் செய்தித்தாளை மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒன்று சொன்னால் மூன்று மறுப்பு வரும். ‘போன மாசம்தானே வாங்கினோம், எந்தக் கடையில, என்ன விலை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘மேல சொல்லுங்க’ வந்திருக்கிறது. அவர் பூனைபோல எழுந்து சமையலறைக்குள் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு மகளுக்கு போன் போட்டார்.

“அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. நான் சொல்றதையெல்லாம் ஒத்துக்கறா. உடனே கிளம்பி வா!”

மகள் அலுவலகத்தில் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “அம்மா, தலை சுத்துதா? என்னைப் பாரு. இன்னிக்கு என்ன கிழமை?”

டீச்சர் விடுவாரா? பழகிப் பார்க்க ஆள் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்திருக்கிறது. குரலைத் தாழ்த்தி, கனிவாக, “இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரிஞ்சுக்க நீ ஆசைப்படறே” என்றார்.

“அப்பா, காரை எடுங்க!”

அப்படித்தான் வியாழக்கிழமை முழுசும் மருத்துவமனையில் போனது. “இது பயிற்சி, டாக்டர். நான் பயிற்சியில இருக்கேன்” என்று டீச்சர் சொல்லச் சொல்ல, டாக்டர் மகளைப் பார்த்து, “இதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்களா?” என்று கேட்டார். தலையைப் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் செய்தி அவருக்கு முன்னாலேயே பள்ளிக்கு வந்திருந்தது. தாழ்வாரம் வழக்கம்போல ஒரேயடியாகக் காலியாகவில்லை. தூண் மறைவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“மிஸ், ராத்திரி நல்லா தூங்கினீங்களா மிஸ்?”

“அது எதுக்கு உனக்கு? வீட்டுப்பாடம் செஞ்சியா?”

தலை மறைந்தது. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாசல் வரை வந்த பிள்ளையை இப்படித் துரத்திவிட்டேனே!

கடைசி பீரியட். டீச்சர் திண்டில் உட்கார்ந்திருந்தார், அதிலும் முதுகு நேராகத்தான். வெளியே விளையாட்டு வாத்தியார் ஒரு வலைப்பை நிறையப் பந்துகளோடு வந்து நின்றார்.

“நான் அவசரப்படுத்தல டீச்சர். இதுங்கதான் அவசரப்படுது” என்று பையைத் தூக்கிக் காட்டினார்.

“மணி அடிக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டேன் சார். நீங்களும் உங்க பந்தும் ஓரமா நில்லுங்க.”

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்ச் பெண். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டாள், அப்படி ஒருத்தி. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“நான் கூப்பிட்டேனா?” என்று கேட்டார் டீச்சர்.

“இல்ல மிஸ்.”

“வருகைப் பதிவுல உன் முறையா?”

“இல்ல மிஸ். நானாத்தான் வந்தேன்.”

டீச்சர் எதிர்த் திண்டைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். பேசவில்லை. பேசாத பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது, டீச்சரும் பேசவில்லை. அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கைகளை மடியில் வைத்து, டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தீங்களாமே மிஸ்.”

“அது ஒண்ணுமில்லம்மா. வீட்டுல பயந்துட்டாங்க.”

“பயந்துட்டாங்க” என்றாள் அவள்.

“ஆமா. நான் நல்லவிதமா நாலு வார்த்தை பேசினா பயப்படறாங்க. இங்க சிரிச்சா பயப்படறாங்க. திரை போட்டா பயப்படறாங்க.”

“எது செஞ்சாலும் பயப்படறாங்கன்னு உங்களுக்கு இருக்கு.”

“இருக்காதா பின்ன?” டீச்சரின் முதுகு முதல்முறையாகத் திண்டில் சாய்ந்தது. “நான் என்ன புலியா, சிங்கமா? கணக்கு தப்பாப் போட்டா தப்புன்னு சொல்லணுமா வேண்டாமா? எங்கிட்ட படிச்சவங்க எங்கெங்கயோ இருக்காங்க. தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிடறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கறாங்க.”

“ம்ம்” என்றாள் அவள்.

“இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, ‘மிஸ், சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்’னு வந்ததில்ல. அடுத்த வருஷம் நான் போயிடுவேன். போனா எல்லாருக்கும் ‘அப்பாடா’ன்னு இருக்கும்.”

‘அப்படியெல்லாம் இல்லை மிஸ்’ என்று அவள் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை மட்டும் மெதுவாக டீச்சர் பக்கம் நகர்த்தினாள். டீச்சர் குடித்தார். கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். பிறகு, முதல்நாள் வேலைக்கு வந்தபோது பயத்தில் தனக்குக் கை நடுங்கியதையும், அதை மறைக்கத்தான் அன்றைக்கு முதன்முதலாக அதட்டியதையும், அது அப்படியே ஒட்டிக்கொண்டதையும் சொல்லிக்கொண்டே போனார்.

மணி அடித்தது.

டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஐயையோ! பீரியட் மொத்தமும் நானே பேசிட்டேனே! கேக்க வேண்டியவ நானு! நீ ஏதோ சொல்ல வந்தே. போச்சு, எல்லாம் போச்சு.”

வெளியே விளையாட்டு வாத்தியார் கத்தினார்: “வழி விடுங்கடா, பந்தை உள்ள வைக்கணும்!”

“முடியாது சார், நாங்கதான் முதல்ல வந்தோம்!” என்று பல குரல்கள்.

டீச்சருக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பவாவது சொல்லும்மா. நான் வாயே திறக்கல. உனக்கு என்ன கஷ்டம்?”

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கதவில் கை வைத்தபடி திரும்பினாள்.

“எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல மிஸ். உங்களுக்கு சனிக்கிழமை சொல்லித் தர்ற மிஸ்தான் எங்களுக்கும் புதன்கிழமை சொல்லித் தர்றாங்க; பேச ஆள் இல்லாத ஒருத்தரை நீங்களே பாத்து, போய் ஒரு பீரியட் கேட்டுட்டு வாங்கன்னாங்க, தனித்தனியா யோசிச்சும் வகுப்புல எல்லாருக்கும் உங்க பேருதான் வந்துச்சு. அடுத்த ஆளை உள்ள அனுப்பட்டுமா?”