வாத்து வீட்டு மழை

கிளெண்டேல், கலிஃபோர்னியா
மார்ச், 1956

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என்றே நம்புகிறேன். நானும் நலமாகத்தான் இருந்தேன், தங்கள் சினிமா வார இதழ் தபாலில் வந்து சேரும் வரை. அதில் 'க்ரெப்ஸ் கார்ட்டூன் ஸ்டூடியோவின் வீர வரலாறு' படித்தேன். எங்கள் முதலாளி வெண்டல் க்ரெப்ஸ் பிறவி ஓவியர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அவர் முட்டை வரைந்தால் உருளைக்கிழங்கா என்று கேட்போம். அது எங்கள் ரசனைக் குறைவு. ஆனால் பெர்னிஸ் என்ற வாத்து வரும் எங்கள் கார்ட்டூன் படங்களில் எப்போதும் பெய்கிற அந்தப் புகழ்பெற்ற மழை, கான்சாஸில் அவருடைய தாயார் வடித்த கண்ணீரிலிருந்து உதித்ததாக எழுதியிருப்பதைப் படித்ததும் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அந்த மழைக்காக அடுத்த மாத விருந்தில் அவருக்கு விருது வேறு தருகிறார்களாம். ஐயா, அது மழையே இல்லை. கீறல்.

நான் அங்கே மை போடும் பிரிவில் இருந்தவள். ஆண்கள் மாடியில் காகிதத்தில் வரைவார்கள். பெண்களுக்கு வரைய வராது என்பது முதலாளியின் ஆராய்ச்சி முடிவு. ஆகவே நாங்கள் கீழே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, அதையெல்லாம் கண்ணாடி மாதிரியான செல்லுலாய்ட் தாளில் மையால் நகலெடுத்து வண்ணம் தீட்டுவோம். படம் பிடித்ததும் அந்தத் தாள்களைச் சோப்புப் போட்டுக் கழுவி அடுத்த படத்துக்கு எடுக்க வேண்டும், ஏனென்றால் நம் பிறவி ஓவியர் ஸ்டூடியோ தொடங்கும் முன்பு சலவைக்கடை வைத்திருந்தவர், அழுக்கானதைத் தூக்கியெறிவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. கழுவிக் கழுவித் தாளெல்லாம் கீறல் விழுந்து, புதுப் படத்தைத் தியேட்டரில் போட்டுப் பார்த்தால் பாலைவனத்தில் மழை, சுள்ளென்ற வெயிலில் மழை, வாத்தின் அடுப்படிக்குள்ளும் மழை. பக்கத்தில் இருந்த தோழி தெல்மா, "ஏய் இர்மா, அடுப்படி ஒழுகுது பாரு, ஒரு பாத்திரம் கொண்டு போய் வைடி" என்றாள். நான் சிரித்துத் தொலைத்தேன். முதலாளி சிரிக்கவில்லை. விளக்கு எரிந்ததும், "இதையெல்லாம் கழுவினது யாரு?" என்றார். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். "மொத்தப் பேரும் வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வர வேணாம்." வேலையே கிடைக்காமல் ஊரே இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற முப்பதுகள் ஐயா அது. தெல்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

மறுநாள் பேப்பரில் ஒரு விமர்சகர், 'ஏழையின் அடுப்படிக்குள்ளும் பெய்யும் இந்த மழை நம் காலத்தின் துயரம்' என்று உருகியிருந்தார். மத்தியானத்துக்குள் முதலாளியின் கார் எங்கள் வீட்டு வாசலில். "கோவத்துல சொல்லிட்டேன்மா, மனசுல வெச்சுக்காதே. வந்து இன்னும் கொஞ்சம் கீறிக் குடு." அப்புறம் புதுத் தாள் வந்தால்கூட, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரால் நாங்களே கீற வேண்டியதாயிற்று. லேசாக இழுத்தால் தூறல், அழுத்தி இழுத்தால் அடைமழை. விரல் நுனியெல்லாம் வெடித்துப் போகும். ஆனால் ஒரு படத்திலாவது எங்கள் பேர் வந்ததா? முதலாளியின் நாய் பேர்கூட ஒரு தடவை வந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டேன். "திரையில இடம் இல்லியேம்மா" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

ஆகவே விருந்துக்கு முன்பாகவே, மழை பெய்வித்தவர்கள் நாங்கள்தான் என்று தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, வயிறுதான் எரிகிறது.

தங்கள் மனைவி மக்களும் அச்சு இயந்திரமும் நோய்நொடியின்றி இருக்கட்டும். உண்மையை அச்சிடும் துணிவையும் ஆண்டவர் தங்களுக்குத் தாராளமாக அருளட்டும்.

இங்ஙனம்,
இர்மா டூடெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரம் முதலாளி தொலைபேசியில் வந்தார். தொலைக்காட்சிக்காக மறுபடி வாத்துப் படம் எடுக்கிறாராம். "புதுப் பசங்க மழையைத் தூரிகையால வரையிறாங்க இர்மா. அசல் மழை மாதிரியே இருக்கு, பார்க்கச் சகிக்கல. நீ வந்து கத்துக் குடேன்."

"திரையில என் பேர் வருமா?"

"வரும். பத்திரிகைக்கு மட்டும் எதுவும் எழுதிடாதே."

ஆகவே ஐயா, மழை அவருடைய தாயாருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தபால்தலை ஒட்டித் தொலைத்ததால் இதை அனுப்புகிறேன், படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். என் பேர் திரையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் கேட்டேன். வாத்து ஒரு தடவை கண் சிமிட்டுகிற நேரமாம். யாராலும் படிக்க முடியாது. நான் படித்துவிடுவேன்.