ஏழாம் அதிகாரத்தில் தோஷம்

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். உள்ளே நிற்க இடமில்லை. வாசலில் இலக்கத் துண்டு கிழித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அறுபது எழுத்தாளர்கள் பயபக்தியோடு காத்திருந்தார்கள். டென்மார்க்கில் தமிழ் வாசிப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். எழுதுபவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை. கோல்டிங் ஊரிலிருந்து மட்டும் இரண்டு வான் வண்டி நிறைய வந்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்!

எழுந்தருளியிருந்தவர் லண்டன் நூலானந்த சுவாமிகள். விற்காத மின்னூலுக்கு 'நூல்தோஷம்' என்று ஒரு வியாதியைக் கண்டுபிடித்த மகான். புத்தகத்தைத் திறந்து வாசிக்கிற கேவலமான வேலையெல்லாம் அவருக்குக் கிடையாது. பென்டிரைவை வாங்குவார், நெற்றியில் வைப்பார், கண்ணை மூடுவார். எந்தப் பக்கத்தில் சனி குந்தியிருக்கிறான் என்று சொல்லிவிடுவார். தட்சணைப் பெட்டியைப் பார்க்க மட்டும் கண் திறப்பார்.

ராசமலருக்கு முப்பத்தேழாம் இலக்கம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஆறு வருடம் இருந்து ஒரு நாவல் எழுதி, தானே மின்னூலாக ஏற்றினாள். அட்டைப்படம் மூன்று தரம் திரும்பி வந்தது. நான்காம் தரம் ஏற்றினால் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டமாகத் தெரிந்தது. அதையும் திருத்தி வெளியிட்டாள். நான்கு மாதத்தில் மூன்று பிரதி போனது. ஒன்று அவளே வாங்கியது, ஒன்று கணவர் சபாரத்தினம் வாங்கியது. மூன்றாவது வாசகர் யாரோ என்று பூரித்துப் போயிருந்தாள். அது மகள் மிதுஷா. இப்படி நொந்த மனம் எந்தக் காவிக்கும் கும்பிடு போடும்.

சுவாமி பென்டிரைவை நெற்றியில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை, ஏழாம் அதிகாரத்திலை தோஷம் கிடக்குது. அதை அடியோடை அழிச்சுப் போட்டு நாளைக்கு வா. பிறகு பார், ஆயிரக்கணக்கிலை போகும்."

ராசமலருக்குத் திக்கென்றது. யாருமே பார்க்க வராத ஒரு டேனிஷ் கிழவர், அவள் கையைப் பிடித்தபடியே உயிர்விட்ட கதைதான் ஏழாம் அதிகாரம். அந்த ஒன்றை எழுதுவதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினாள்.

"சுவாமி, அதை விட்டிட்டு வேறை ஏதும் பரிகாரம்..."

"தோஷத்தைக் கொஞ்சிக்கொண்டு இருக்கப் போறியோ?"

மாலையில் அழுதபடி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பென்டிரைவைச் செருகிக் கொடுத்த மிதுஷா டேனிஷில் கத்தினாள்: "அம்மா, இது உங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அட்டவணை!"

உண்மைதான். ஒரே பொதியில் வாங்கிய இரண்டு வெள்ளைப் பென்டிரைவ்கள். நாவல் இருந்த மற்றது கைப்பையிலேயே கிடந்தது. சுவாமி நெற்றியில் வைத்தது, இல்லத்து அறிவிப்புப் பலகைக்காக அவள் கொண்டுதிரிந்த ஒரு வாரச் சாப்பாட்டை. ராசமலரின் அழுகை நின்றது. இல்லத்தில் மருந்துக் குளிசை கொடுக்குமுன் பெயரையும் இலக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள் அவள். இதை மட்டும் பார்க்காமல் விழுங்கப் போனோமே என்று வெட்கம் வந்தது. பிறகு கோபம் வந்தது.

மறுநாள் அதே பென்டிரைவை, ஓர் எழுத்தும் மாற்றாமல், நீட்டினாள்.

"சொன்னபடி அழிச்சிட்டன் சுவாமி. இப்ப எப்பிடி?"

நெற்றி. கண். ஒரு பெருமூச்சு. "ஆகா! ஏழாம் அதிகாரம் போன இடம் ஒளியாய் இருக்குது. பாரம் இறங்கிட்டுது பிள்ளை."

கூட்டம் கைதட்டியது. ராசமலர் பென்டிரைவை வாங்கி மண்டபத்துக் கணினியில் செருகினாள். பெரிய திரையில் அட்டவணை விரிந்தது.

"வாசிக்கிறன், கேளுங்கோ. முதலாம் அதிகாரம், திங்கள்: மீன் சூப். ஏழாம் அதிகாரம், ஞாயிறு: வாட்டின பன்றி இறைச்சியும் அவிச்ச உருளைக்கிழங்கும். நேற்றும் இதுதான், இண்டைக்கும் இதுதான். ஒண்டும் அழியேல்லை. சுவாமி, தோஷம் பண்டியிலையோ, கிழங்கிலையோ?"

சுவாமி அலைவரிசை, ஆத்மா என்று ஏதோ முணுமுணுத்தார். அதற்குள் கூட்டத்திலிருந்த கவிஞர் அந்தோனிமுத்து எழுந்துவிட்டார். தேவாலயத்து ஞாயிறு பூசையையும் விடாதவர், இந்தச் சுவாமியையும் விடாதவர்.

"அப்ப, நான் நேற்று அழிச்ச நாற்பது கவிதை?" என்றார். "அதுக்கு வேறை பிரதி இல்லையே!"

தட்சணைப் பெட்டியை அணைத்துக்கொண்டு சுவாமி பின்கதவால் மறைந்தார். அவருடைய சப்பாத்து வாசலிலேயே மிஞ்சியது. ஒருவர் போய் அதையும் தூக்கிக் கண்ணில் ஒற்றப் பார்த்தார்.

"அண்ணை, அதைக் கீழை வையுங்கோ!" என்றாள் ராசமலர். "இந்த மண்டபத்திலை அறுபது எழுத்தாளர் நிக்கிறம். ஆளையாள் வாங்கி வாசிச்சிருந்தா, தலைக்கு ஐம்பத்தொன்பது வாசகர். இந்தக் கணக்குப் பார்க்க நெத்தியிலை ஒண்டும் வைக்கத் தேவையில்லை. நெத்திக்கு உள்ளுக்கை கிடக்கிறதைக் கொஞ்சம் பாவிச்சாப் போதும்."